கிளினிக் கொப்பியில் இல்லாத கேள்விகள்: மலையகச் சுகாதார அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

மத்திய, ஊவா மாகாணங்களின் சுகாதார அதிகாரிகளுக்கும், தோட்டப்புறங்களில் மாதாந்த கிளினிக் நடத்தும் வைத்தியர்கள், தாதியர், தோட்ட வைத்திய உதவியாளர்கள் எல்லோருக்கும்,

வணக்கம்.

கேட்க வந்ததை முதலிலேயே கேட்டுவிடுகிறேன். அறுபது தாண்டியவர்கள் கொப்பியும் கையுமாக கிளினிக்குக்கு வரும்போது சீனி, பிரஷர், நிறை மூன்றையும் எழுதிக் கொடுக்கிறீர்கள். அதோடு பசி, தூக்கம், மறதி, குணமாற்றம் பற்றி நாலு கேள்வியைத் தமிழில் கேளுங்கள். பதிலை அதே கொப்பியில் எழுதுங்கள். பதிலில் ஏதாவது இடித்தால் தைரொயிட் பரிசோதனைக்கு ஒரு துண்டு எழுதிக் கொடுங்கள். இவ்வளவுதான் கோரிக்கை. இதை ஏன் கேட்கிறேன் என்பதற்குத்தான் மீதி மடல்.

நான் ஹட்டன் பக்கத்தில் விஞ்ஞானம் படிப்பித்து ஓய்வு பெற்றவள். வைத்தியர் அல்ல. நீங்கள் படித்ததை உங்களுக்கே சொல்லித்தரும் எண்ணம் இல்லை. ஆனால் இந்த மடலை லயத்துப் பிள்ளைகளும் ஃபோனில் வாசிப்பார்கள், அப்பாயி அம்மாயிக்கு வாசித்தும் காட்டுவார்கள். அதனால் கொஞ்சம் அடியிலிருந்தே சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கிளினிக்கில் அளப்பது இரத்தத்தை. இரத்தத்தில் ஓடுவதெல்லாம் மூளைக்குள் போவதில்லை. 1885இல் ஜெர்மனியில் பால் ஏர்லிக் விலங்குகளின் இரத்தத்தில் சாயம் ஏற்றியபோது உடலின் உறுப்புகள் எல்லாம் நிறம் மாறின, மூளை மட்டும் வெளுப்பாகவே இருந்தது. மூளைக்குச் சாயத்தைப் பிடித்துவைக்கும் குணம் இல்லை என்று அவர் நினைத்தார். அவரிடம் வேலை செய்த எட்வின் கோல்ட்மான் 1913இல் அதே மாதிரிச் சாயத்தை மூளையைச் சுற்றியுள்ள நீருக்குள் நேராகச் செலுத்திப் பார்த்தார். இப்போது மூளை நிறம் ஏறியது, உடல் ஏறவில்லை. இரண்டுக்கும் நடுவில் ஏதோ ஒன்று தடுக்கிறது என்பது அப்போது தெளிவானது. அதைத்தான் குருதி மூளைத் தடை என்கிறோம். மூளையின் மயிர்க்குழாய்களை நீட்டி வைத்தால் ஏறத்தாழ 600 கிலோமீற்றர் வரும் என்பார்கள். அவற்றின் உட்சுவரில் உள்ள கலங்கள் இடைவெளி இல்லாமல் ஒன்றோடொன்று ஒட்டிக்கிடக்கின்றன. ஒக்சிசன் சும்மா நுழையும். கொழுப்பில் கரைவன பலவும் நுழையும். குளுக்கோசுக்கு அதற்கென்று சுமந்து செல்லும் ஒரு காவிப் புரதம் வேண்டும். இன்சுலின் மாதிரிப் பெரிய ஹோர்மோன் என்றால், கலத்தின் மேலிருக்கும் வாங்கி என்ற புரதம் ஒன்று அதைப் பிடித்து, உள்ளே சுமந்துபோய், மறுபக்கம் இறக்க வேண்டும். அப்படிச் சுமக்கும் வேலைக்கு ஒரு எல்லையும் உண்டு. இரத்தத்தில் எவ்வளவு கூடினாலும் ஒரு கட்டத்துக்கு மேல் உள்ளே போகும் அளவு அதிகரிக்காது.

சரி, வயதுக்கும் இதற்கும் என்ன?

2020இல் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் டோனி விஸ் கோரேயின் குழு எலிகளில் ஒன்று செய்து பார்த்தது. இரத்தத்தில் இயல்பாக உள்ள புரதங்களுக்கெல்லாம் அடையாளம் இட்டு, இளம் எலிக்கும் கிழட்டு எலிக்கும் ஏற்றி, மூளைக்குள் எது எப்படிப் போகிறது என்று கவனித்தார்கள். இளம் எலியில் வாங்கிகள் ஆள் தெரிந்து பிடித்து உள்ளே எடுத்தன. வயதான எலியில் அந்தத் தெரிந்தெடுக்கும் போக்குவரத்து குறைந்து, எதையும் பார்க்காமல் விழுங்கி உள்ளே தள்ளும் வழி கூடிவிட்டது. நம் தோட்டத்துத் தொழிற்சாலை வாசலை நினைத்துக்கொள்ளுங்கள்: முகம் பார்த்து ஆளை விடும் காவற்காரருக்குக் கண் மங்கிவிட்டது, பின்பக்க வேலியிலும் ஓட்டை விழுந்துவிட்டது. உள்ளே வர வேண்டியவர் வாசலில் நிற்கிறார், வரக்கூடாதவர் வேலியால் நுழைகிறார்.

மனிதரிலும் தடம் இருக்கிறது. 2015இல் தென் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் பெரிஸ்லாவ் ஸ்லோகோவிச்சின் குழு, உயிரோடு இருப்பவர்களின் மூளையை எம்ஆர்ஐ ஸ்கேனில் பார்த்தது. நினைவுக்கு முக்கியமான ஹிப்போகாம்பஸ் என்ற பகுதியில், வயது ஏறஏற இந்தத் தடை கசிவது தெரிந்தது. நினைவு தடுமாறத் தொடங்கியவர்களில் கசிவு இன்னும் கூடுதல்.

இனி ஹோர்மோன்களுக்கு வருகிறேன். எல்லாவற்றையும் சொல்லப்போவதில்லை, நம் கிளினிக்கோடு நேராகத் தொடர்புள்ள மூன்றைத்தான்.

முதலில் இன்சுலின். தசைக்குக் குளுக்கோஸ் நுழைய இன்சுலின் வேண்டும், மூளைக்குள் குளுக்கோஸ் நுழைய அது தேவையில்லை. அப்படியானால் மூளைக்குள் இன்சுலினுக்கு என்ன வேலை என்று ஓஎல் வகுப்பில் கூட ஒரு பிள்ளை கேட்டிருக்கிறாள். பசியை அடக்குவதிலும், நினைவைப் பதிய வைப்பதிலும், ஈரல் எவ்வளவு சீனி விடவேண்டும் என்று சொல்லி அனுப்புவதிலும் அதற்குப் பங்கு உண்டு. இன்சுலின் எதிர்ப்பு உள்ளவர்களின் இரத்தத்தில் இன்சுலின் நிறைய ஓடும், ஆனால் மூளையைச் சுற்றியுள்ள நீருக்குள் அதன் விகிதம் குறைவாக இருக்கும். இறந்தவர்களின் மூளைத் திசுவை ஆராய்ந்து 1998இல் ஜெர்மனியில் வெளியிட்ட ஓர் ஆய்வு, வயது கூடக்கூட மூளையில் இன்சுலினும் அதன் வாங்கிகளும் குறைகின்றன என்று சொன்னது. அதே ஆண்டில் அமெரிக்காவில் சூசன் கிராஃப்டின் குழு, அல்சைமர் நோயாளரிடம் இரத்த இன்சுலின் கூடியும் மூளைநீரின் இன்சுலின் குறைந்தும் இருப்பதைக் கண்டது. பின்னால் வந்த எல்லா ஆய்வும் இதோடு ஒத்துப்போகவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் ஒன்று உறுதி. கொப்பியில் எழுதும் சீனி எண்ணை வைத்து மூளைக்குள் என்ன நடக்கிறது என்று சொல்ல முடியாது.

இரண்டாவது லெப்டின். கொழுப்புக் கலங்கள் சுரந்து, போதும், சாப்பாட்டை நிறுத்து என்று மூளைக்குச் சொல்லும் ஹோர்மோன். 1994இல்தான் நியூயோர்க்கில் ஜெஃப்ரி ஃப்ரீட்மனின் ஆய்வுகூடம் அதைக் கண்டுபிடித்தது. அதுவும் சுமந்து கொண்டுபோய் விடப்பட வேண்டியதுதான். உடல் பருத்தவர்களின் இரத்தத்தில் லெப்டின் பெருகும், மூளைக்குப் போவது அந்த அளவுக்குப் பெருகாது. இரத்தத்தில் ட்ரைகிளிசரைட் என்ற கொழுப்பு கூடினால் லெப்டின் தடையைத் தாண்டுவது குறைகிறது என்று வில்லியம் பேங்க்ஸின் குழு 2004இல் எலிகளில் காட்டியது. நம் ஆட்கள் காலையில் கோதுமை மா ரொட்டி, பகலுக்கும் ரொட்டி, இரவில் சோறு, இடையில் சீனி போட்ட தேத்தண்ணி என்று சாப்பிடுபவர்கள். மலையில் ஏறி இறங்கிக் கொழுந்து எடுத்த காலத்தில் அது செரித்துப் போனது. பெயர் வெட்டி வீட்டில் உட்கார்ந்த பிறகும் தட்டு மாறுவதில்லை. மாச்சத்து மிகுந்த சாப்பாட்டில் ட்ரைகிளிசரைட் ஏறும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. எலியில் கண்டதை அப்படியே மனிதருக்குப் பொருத்திவிடக் கூடாதுதான். ஆனாலும் கொலஸ்ட்ரோல் துண்டில் அந்த எண்ணையும் கொஞ்சம் பாருங்கள் என்று கேட்பேன்.

மூன்றாவது தைரொயிட். இதில் கொஞ்சம் நிற்க வேண்டும், ஏனென்றால் எங்கள் வீட்டுக் கதையும் இதில்தான் இருக்கிறது.

தைரொயிட் ஹோர்மோன் சிறியது, கொழுப்பில் கரையக்கூடியது என்பதால் தானாகவே நுழைந்துவிடும் என்று ஒரு காலம் நம்பினார்கள். அப்படி இல்லை. எம்சிடி8 என்ற காவிப் புரதம் அதற்கு வேண்டும். பிறவியிலேயே அந்தப் புரதம் பழுதான ஆண் பிள்ளைகள், இரத்தத்தில் தைரொயிட் ஹோர்மோன் தாராளமாக இருந்தும் நடக்கவோ பேசவோ முடியாமல் போகிறார்கள். ஆலன் ஹெர்ண்டன் டட்லி நோய் என்று பெயர், 1944லேயே விவரித்திருக்கிறார்கள். இரத்தத்தில் இருந்தால் மட்டும் போதாது என்பதற்கு இதைவிட உறுதியான சாட்சி வேண்டாம். இந்த ஹோர்மோனை மூளைநீருக்குள் வைத்துக் கொண்டுதிரியும் ட்ரான்ஸ்தைரெட்டின் என்ற புரதத்தை, அந்த நீரைச் சுரக்கும் கோரொயிட் பின்னல் என்ற பகுதியே செய்கிறது. வயதானால் அந்தப் பின்னலும் தளர்கிறது. கிழட்டுச் செம்மறியாடுகளில் அந்த நீர் சுரப்பது மந்தமாவதை அளந்தும் பார்த்திருக்கிறார்கள்.

என் அம்மா கொழுந்து எடுத்து ஓய்ந்தவர். ஏழாம் நம்பர் மலையில் எந்த நிரையில் கல் உருளும், எந்தச் சரிவில் அட்டை கூடுதல் என்பதெல்லாம் இப்போதும் சொல்வார். அப்படிப்பட்டவர், ஒரு மழைக்காலத்தில் அடுப்படியில் நின்று, தேயிலையைப் போட்ட கேத்தலைக் கையில் வைத்துக்கொண்டு அடுத்தது என்ன என்று என்னைப் பார்த்தார். தட்டு காய்ந்து கிடக்கும், கேட்டால் “சாப்பிட்டேன் புள்ள” என்பார். சேலைக்கு மேல் இரண்டு சுவெட்டர் போட்டும் குளிர் என்பார். ஆள் மெலியவும் இல்லை, முகம் மட்டும் ஊதினாற்போல. கிளினிக்கில் வரிசையாக மூன்று மாதம் கொப்பியில் ஒரே மாதிரி எழுத்து: சீனி பரவாயில்லை, பிரஷர் பரவாயில்லை, அதே மருந்து. நான் சிங்களத்தில் விளக்கியபோது அந்த இளம் வைத்தியர் தலையை ஆட்டினார், கெட்ட மனிதரில்லை, வெளியே வரிசை நீண்டு நின்றது. “வயசுதானே மிஸ்” என்றார். நானும் கொப்பியை வாங்கிக்கொண்டு வந்தேன்.

பிறகு டவுனில் காசு கொடுத்து ஒரு இரத்தப் பரிசோதனை செய்தபோது, தைரொயிட் நன்றாகவே குறைந்திருப்பது தெரிந்தது. மாத்திரை தொடங்கி நாள் போகப்போக பசி வந்தது, குளிர் விட்டது, முகத்து ஊத்தம் இறங்கியது. மறதி பாதிதான் விலகியது. மிச்சம் எதனால் என்று யாராலும் சொல்ல முடியவில்லை. காசு கொடுத்துப் பார்க்க என்னால் முடிந்தது. நாட்சம்பளத்தில் நாலு பேரைக் காக்கும் வீட்டில் அது நடக்காது.

இதற்காக எல்லோருக்கும் தைரொக்சின் கொடுங்கள் என்று நான் கேட்கவில்லை. தைரொயிட் குறைந்தால் இரத்தத்தில் ஏறும் டிஎஸ்எச் என்ற ஹோர்மோன், வயதானவர்களில் கொஞ்சம் ஏறுவது இயல்பு. 65 தாண்டியவர்களில் அப்படி லேசாக ஏறியதற்கு மாத்திரை கொடுத்துப் பார்த்த ஐரோப்பிய ஆய்வில், களைப்போ மற்ற அறிகுறிகளோ குறையவில்லை என்று 2017இல் வெளியிட்டார்கள். ஆக, எண்ணை மட்டும் பார்த்து மாத்திரை கொடுப்பதும் தவறு, ஆளை மட்டும் பார்த்து வயது என்று விடுவதும் தவறு. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கத்தான் கேள்வி வேண்டும் என்கிறேன். அயடீன் குறைவால் கழுத்தில் தைரொயிட் வீங்கும் கழலை, நம் நாட்டின் ஈரவலயத்தில் நெடுங்காலம் பரவலாக இருந்தது. 1995இலிருந்து உப்பில் அயடீன் சேர்ப்பதைக் கட்டாயமாக்கினோம். இன்றைய பாட்டிமார் தம் பிள்ளைப்பருவத்தையும் பிள்ளைப்பேற்றுக் காலத்தையும் அதற்கு முன்பே கழித்தவர்கள்.

ஈஸ்ட்ரஜன், டெஸ்டொஸ்டிரோன், கோர்ட்டிசோல் போன்றவை கொழுப்பில் கரைந்து நுழைபவை என்பதால் அவற்றின் கதை வேறு. ஆண்களில் வயதாக ஆக, டெஸ்டொஸ்டிரோனைப் பிடித்துவைக்கும் புரதம் இரத்தத்தில் கூடுகிறது, சுதந்திரமாக இருப்பது குறைகிறது, மூளைக்குப் போகக்கூடியதும் அந்தச் சுதந்திரமான பங்குதான். அதற்கு மேல் இங்கே வேண்டாம்.

இப்போது உங்கள் தரப்பிலிருந்து ஒரு கேள்வி வரும்: மூளைக்குள் எவ்வளவு ஹோர்மோன் போகிறது என்று கிளினிக்கில் அளக்க முடியுமா? முடியாது. முதுகுத்தண்டில் ஊசி போட்டு நீர் எடுக்க வேண்டும். அதை வயதான ஒருவருக்கு வெறும் சந்தேகத்துக்காகச் செய்ய யாரும் சம்மதிக்க மாட்டார்கள், செய்யவும் கூடாது. அளக்கும் கருவி இல்லாத இடத்தில் ஆளிடம் கேட்பதைத் தவிர வேறு வழி என்ன இருக்கிறது? தடைக்கு அந்தப் பக்கம் ஏதோ குறைகிறது என்றால் அது பசியில் தெரியும், தூக்கத்தில் தெரியும், அடுப்படியில் தெரியும். வீட்டிலிருந்து கூட வரும் மருமகளுக்கோ பேரப்பிள்ளைக்கோ அது முன்னமே தெரியும். கேட்டால் சொல்வார்கள்.

கேட்பதிலும் ஒரு முறை இருக்கிறது. நினைவைச் சோதிக்க வழக்கமாகப் பயன்படுத்தும் தாள்களில், இன்று என்ன திகதி, நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழி, ஒரு வசனம் எழுது, இந்தப் படத்தைப் பார்த்து வரை என்று வரும். பள்ளிக்கூடம் போகாமல், தோட்டத்தில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பராவிலிருந்து நேரே மலைக்குப் போன ஒரு அம்மாயி இதில் தோற்பது நோயால் அல்ல. தோட்டப் பள்ளிகளை அரசாங்கம் எடுத்ததே 1970களில்தான். அதற்கு முன்பு அவருக்குப் படிப்பு எங்கே கிடைத்தது? பிறந்த திகதியைக் கேட்டால், 1948இல் குடியுரிமை போய் அதன்பின் எத்தனையோ காகிதத்தில் எத்தனையோ திகதி எழுதியவர்கள் அவர்கள். உண்மையிலேயே எது சரி என்று தெரியாது, அது மறதி இல்லை. அவரிடம் கேட்க வேண்டியது வேறு. காலை நிறுவையில் ஆறு கிலோ, பகலில் ஐந்து, அந்திக்கு ஏழு என்றால் மொத்தம் எவ்வளவு என்று கேளுங்கள், சட்டென்று பதினெட்டு என்பார். சொல்லாமல் முழித்தால் அப்போது கவலைப்படுங்கள். எந்த நம்பர் மலைக்குப் பக்கத்தில் எது, போன தைப்பொங்கலுக்கு வீட்டுக்கு யார் வந்தார்கள், நேற்று ராத்திரி என்ன கறி என்று கேளுங்கள். பக்கத்தில் இருப்பவரிடம் அதைச் சரிபாருங்கள். இப்படி ஒரு தாளை உங்கள் மனநல வைத்தியர்களும் நரம்பியல் வைத்தியர்களும் உட்கார்ந்து ஒழுங்காகச் செய்ய முடியும். ஆசிரியர் வேலை பார்த்து ஓய்ந்த எங்களைப் போன்றவர்கள் தமிழைப் பார்த்துக்கொள்வோம்.

இன்னொன்று, இது அவசரமானது. மூளைக்குள் இன்சுலின் சரியாகப் போகவில்லை என்று கேள்விப்பட்டதும் சீனியை இன்னும் இறுக்கிப் பிடிக்க வேண்டும் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. எண்பது வயதுக்காரருக்குச் சீனி இறங்குவது ஏறுவதைவிட ஆபத்து. வியர்வை, நடுக்கம் எதுவும் இல்லாமல் பேச்சு மட்டும் குழம்பும், வீட்டில் அதையும் மறதி என்றே எடுத்துக்கொள்வார்கள். கலிபோர்னியாவில் சீனி வருத்தம் உள்ள 16,667 பேரைத் தொடர்ந்து பார்த்து 2009இல் வெளியிட்ட ஆய்வில், கடுமையாகச் சீனி இறங்கி ஆஸ்பத்திரிக்கு வந்தவர்களுக்குப் பின்னாளில் டிமென்ஷியா வரும் வாய்ப்பு கூடியிருந்தது. உடல் தளர்ந்த முதியவருக்கு, கடந்த சில மாதச் சீனியின் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி எண்ணை 8 சதவீதம் வரை விட்டுக்கொடுக்கலாம் என்று அமெரிக்க வழிகாட்டலே சொல்கிறது. சாப்பிட்டேன் என்று சொல்லிச் சாப்பிடாத ஒருவருக்குச் சீனியை இறக்கும் கிளிபென்கிளமைட் மாத்திரையைக் காலையும் மாலையும் எழுதிக் கொடுத்தால் என்ன நடக்கும் என்று உங்களுக்கே தெரியும். பசியைப் பற்றிக் கேட்காமல் அந்த மாத்திரையை எழுதக்கூடாது என்பது என் கருத்து. சீனிக்கு நீண்ட காலம் மெட்ஃபோமின் மாத்திரை எடுப்பவர்களுக்கு விற்றமின் பி12 குறைந்தும் மறதி வரும், அதையும் கொஞ்சம் கவனியுங்கள்.

ஊரில் ஒரு பக்கம், மூளைக்கு ஹோர்மோன் ஏற்றும் பொடி, ஞாபகசக்தி டொனிக் என்று வாகனத்தில் ஒலிபெருக்கி கட்டிக்கொண்டு விற்கிறார்கள். மூக்கு வழியாக இன்சுலின் அடித்து நேராக மூளைக்கு அனுப்பலாம் என்று ஃபோனில் வீடியோவும் சுற்றுகிறது. அந்த யோசனை பொய்யில்லை, பல ஆண்டாக ஆராய்கிறார்கள். ஆனால் அமெரிக்காவில் செய்த பெரிய பரிசோதனையின் முடிவு 2020இல் வந்தபோது, எதிர்பார்த்த பலன் தெரியவில்லை. கிளினிக்கில் யாரும் இதைப் பற்றிப் பேசாததால்தான் ஒலிபெருக்கிக்காரர் பேசுகிறார்.

நேரம் இல்லை, ஆள் இல்லை, தமிழ் தெரிந்த தாதி இல்லை என்பீர்கள். மூன்றும் உண்மை, நான் வரிசையில் நின்று பார்த்தவள். தமிழ் 1987இலிருந்து அரசகரும மொழி என்பதை இந்த இடத்தில் நினைவூட்டாமல் இருக்க முடியவில்லை. முதியோர் உரிமைகளைப் பாதுகாக்க 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டமும் இருக்கிறது. ஆனால் சட்டத்தைக் காட்டிச் சண்டை பிடிக்க இந்த மடலை எழுதவில்லை. கேள்வியை வைத்தியரே கேட்க வேண்டும் என்றும் இல்லை. சீனி பார்க்க விரலில் குத்தும் மேசைக்கும் வைத்தியரின் அறைக்கும் நடுவில் வாங்கில் எப்படியும் ஒரு மணித்தியாலமாவது உட்கார்ந்திருக்கிறார்கள். அந்த வாங்கில் வைத்துக் கேட்கலாம். ஏஎல் முடித்து வீட்டில் இருக்கும் பிள்ளைகள் தோட்டத்துக்குத் தோட்டம் இருக்கிறார்கள், கொஞ்சம் பழக்கிவிட்டால் அவர்கள் கேட்டு எழுதிவைப்பார்கள். வைத்தியர் கொப்பியைத் திறக்கும்போது பதில் அங்கே இருக்கும்.

எங்கள் பக்கத்து ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் சிலர் இதற்குச் சம்மதித்திருக்கிறோம். கேள்வித்தாளின் முதல் வரைவைத் தமிழில் எழுதி, சிங்களத்திலும் பெயர்த்து வைத்திருக்கிறோம். அதைத் திருத்த ஒரு வைத்தியரும், முயன்று பார்க்க ஒரு கிளினிக் நாளும் தேவை. எந்த வைத்தியசாலை, எந்தக் கிழமை என்று நீங்கள் சொன்னால் காலை முதல் பஸ்சுக்கே வந்துவிடுவோம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற விஞ்ஞான ஆசிரியை ஒருவர்,
ஹட்டன்.